யாரும் விரும்பி எடுக்காத துணியை எல்லோருக்கும் கொடுங்கள்

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி என மூன்றடுக்காகச் சேர்த்துத் தைப்பதுதான் குவில்டிங். அதைச் செய்யும் தோழிகள் நாலைந்து பேர் ஒன்றுசேர்ந்தால், ஒரு துணிச் சவால் வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு எப்படியும் எழும். ஒரே துணியை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டில் அவரவர் மனம்போல ஒரு சிறு குவில்ட் தைத்து, குறித்த நாளில் எல்லாவற்றையும் ஒரே சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பதுதான் சவால். எங்கள் குழுவில் இதைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். எனக்குத் தெரிந்தவரை, சவால் சிறப்பதும் சப்பென்று போவதும் யாரும் கத்தரிக்கோலைத் தொடும் முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தத் துணி, என்ன விதி என்ற இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதைத் தோழிகளின் கைகள் பார்த்துக்கொள்ளும். ஆகவே இங்கே அந்த இரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

துணியை ஒருவர் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். கூடிப் பேசி முடிவெடுத்தால், எவருக்கும் ஆட்சேபம் இல்லாத துணி ஒன்றுதான் கடைசியில் மிஞ்சும். வெளிர்நீலத் தரை, அதில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எதனோடும் சேரும். எதனோடும் சேர்வதாலேயே யாரையும் ஒரு நிமிடம்கூட யோசிக்க வைக்காது. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். வருகிற பெயருக்கு உரியவர் யாரையும் கேட்காமல் தனியாகப் போய்த் துணியை எடுத்துவரட்டும். அவருக்கு நான் சொல்லும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்ததை எடுக்காதீர்கள், பார்த்ததும் நகர்ந்துபோகத் தோன்றுகிறதே, அந்தத் துணியிடம் திரும்பி வந்து நில்லுங்கள்.

எங்கள் குழுவின் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். அவர் ஒருமுறை எடுத்துவந்த துணியை இன்னும் எல்லோரும் பேசுகிறோம். கடுகு மஞ்சள் தரை. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பு இலைகள். இலைகளுக்கு நடுவே, எங்கிருந்தோ வழிதவறி வந்ததுபோல் பளீரென்ற இளஞ்சிவப்பு மொட்டுகள். துண்டைக் கையில் வாங்கியபோது ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. அந்த ஆண்டு வந்ததைப் போன்ற குவில்ட்கள் அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்கு வாய்க்கவில்லை. அழகான துணி தானே வேலையை முடித்துவிடும். அதைச் சதுரமாக வெட்டி வரிசையாகத் தைத்தாலே போதும். முரட்டுத் துணியோ ஒவ்வொருவரையும் அவரவருடைய பழக்கத்திலிருந்து வெளியே இழுத்துவரும். சவாலின் பயன் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முரட்டுத்தனம் நிறத்திலும் அச்சிலும் இருக்கட்டும், நெசவில் வேண்டாம். நடுத்தர கனமுள்ள, சாதா நெசவுப் பருத்திதான் ஏற்றது. கையூசிக்கும் இயந்திரத்துக்கும், புதிதாகத் தொடங்கியவருக்கும் நெடுநாள் தைத்தவருக்கும் அது ஒன்றுபோல் இணங்கும். இழுபடும் பின்னலாடைத் துணியையோ வழுக்கும் சாட்டினையோ கொடுத்தால், தோழிகள் நிறத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஊசியோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிவிடும். அச்சில் குறைந்தது மூன்று நிறங்கள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்க வேண்டும். பெரிய வடிவமும் சிறிய வடிவமும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. பொடிப் பொடியான பூக்கள் ஆறடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே நிறமாகக் கரைந்துவிடும். மாறாக ஓர் அடி அகலப் பூவை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டினால் ஒவ்வொரு சதுரமும் தனித்தனித் துணிபோல இருக்கும். கோடு போட்ட துணியும் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. கோட்டை நிறுத்துவதா, படுக்கவைப்பதா, மூலைவாட்டில் சாய்ப்பதா என்பதே வடிவமைப்பில் பாதியாகிவிடும்.

ஒரே துணி பல கைகளில் என்னவெல்லாம் ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த குவில்ட்கள் உலகப் புகழ் பெற்றவை. 1966-இல் அப்பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்தக் கூட்டுறவுக்குக் கிடைத்தது. மிஞ்சிய துண்டுகள் வீடு வீடாகப் போயின. எல்லோர் கையிலும் அதே தடித்த, வரிவரியான துணி. அதே சில நிறங்கள். அந்தத் தடிப்புக்குச் சிறுசிறு துண்டுகள் ஒத்துவராது. ஆகவே அவர்கள் அகலப் பட்டைகளாகவும் பெரிய சதுரங்களாகவும் வெட்டினார்கள். அப்படி வந்த குவில்ட்களில் ஒன்று போல் மற்றொன்று இல்லை. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் குவில்ட்களின் பெரிய கண்காட்சி நடந்தது. எந்தச் சவாலும் அறிவிக்கப்படாமலே அந்தப் பெண்கள் செய்ததைத்தான் நாம் விதி எழுதிவைத்துச் செய்து பார்க்கிறோம்.

இனி அளவு. குவில்டிங் பருத்தி பெரும்பாலும் 42 முதல் 44 அங்குல அகலத்தில் வரும். ஒரு கஜத்தை நீளத்தில் பாதியாகவும் அகலத்தில் பாதியாகவும் வெட்டினால் 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் என்ற அளவில் நான்கு துண்டுகள் கிடைக்கும். இதைத்தான் ஃபேட் குவார்ட்டர் என்கிறோம். மீட்டர் கணக்கில் 50 சென்டிமீட்டருக்கு 55. கால் கஜத்தைத் துணியின் முழு அகலத்துக்கும் 9 அங்குலப் பட்டையாக வெட்டினாலும் பரப்பு ஏறக்குறைய அதேதான். ஆனால் அதில் 9 அங்குலத்தைத் தாண்டிய சதுரம் எதையும் வெட்ட முடியாது. எனவே ஆளுக்கு ஒரு ஃபேட் குவார்ட்டர் கொடுங்கள். எட்டுப் பேர் என்றால் இரண்டு கஜம். அதற்கு மேல் அரை கஜம் கையிருப்பாக நடத்துபவரிடம் இருக்கட்டும். யாருக்காவது வெட்டு பிசகினால், புதுத் துண்டு கிடைக்கவில்லையே என்று அவர் சவாலையே விட்டுவிடக் கூடாது.

எத்தனை பேர் என்று கேட்டால், ஐந்துக்குக் குறைய வேண்டாம், எட்டுக்கு மேல் போக வேண்டாம் என்பேன். நான்கு பேரில் ஒருவர் விலகினாலே சுவர் வெறிச்சோடும். பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றின் முன்னும் நின்று நிதானமாகப் பேசப் பொழுது போதாது.

பிரித்துக் கொடுக்கும் முன் சாயத்தைச் சோதிப்பது துணி எடுத்தவரின் கடமை. ஒரு சிறு துண்டை வெந்நீரில் வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறியிருந்தால் முழுத் துணியையும் நன்றாக அலசி, மறுபடி சோதித்த பிறகே வெட்ட வேண்டும். அடர்சிவப்பும் அடர்நீலமும் இந்தச் சோதனைக்குத் தப்பவே கூடாது. பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை சுருங்குவது வழக்கம். ஆகவே துவைத்துக் கொடுக்கிறீர்களா, துவைக்காமல் கொடுக்கிறீர்களா என்பதை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்தி அனுப்புங்கள். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே குவில்டில் சேர்ந்தால், முதல் அலசலுக்குப் பிறகு அதன் முகமே மாறிவிடும்.

விதிகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் வளையாமல் இருக்கட்டும்

எங்கள் விதிகள் ஒரு சிறு தாளில் அடங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகை 80 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இப்படிச் சுற்றளவில் வரம்பு வைப்பதை மிகவும் பரிந்துரைக்கிறேன். இருபதுக்கு இருபது என்று சதுரத்தை விதித்துவிட்டால் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். சுற்றளவை மட்டும் சொன்னால், ஒருவர் 20-க்கு 20 தைப்பார், இன்னொருவர் 10-க்கு 30 என்று நீளத் தொங்கலாகத் தைப்பார், வேறொருவர் 12-க்கு 28 என்று படுக்கைவாட்டில் விரிப்பார். சுவரில் ஏறும்போது அந்த வேறுபாடே ஒரு களை.

சவால் துணி மேல்துணியின் பரப்பில் கால் பங்காவது இருக்க வேண்டும், ஆறடி தள்ளி நின்று பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். இந்த விதியை வைக்காவிட்டால் பிடிக்காத துணியை ஓர் ஓரத்தில் நகத்தளவு ஒளித்துவைக்கும் ஆசை யாருக்கும் வரும். கூடச் சேர்க்கும் துணிகள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கூட்டாளிகள் பெருகப் பெருக, சவால் துணி கூட்டத்தில் கரைந்துபோகும். மூன்றே மூன்று என்னும்போது ஒவ்வொன்றையும் தராசில் வைத்ததுபோல் நிறுத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

துணியின் பின்பக்கத்தைப் பயன்படுத்தலாமா? தாராளமாக. அச்சுத் துணியின் பின்பக்கம் அதே நிறங்களின் மங்கலான சாயலாக இருக்கும். கூடுதல் கணக்கில் சேராத இன்னொரு துணி அது. சாயம் தோய்க்கலாமா, மேலே வண்ணம் தீட்டலாமா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் அனுமதிக்கிறோம், அடையாளம் தெரிய வேண்டும் என்ற விதிக்கு அதுவும் கட்டுப்பட்டது.

மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, பின்துணி என மூன்றும் சேர்ந்து, தையலோடி, ஓரப்பட்டை வைத்து முடிந்திருந்தால்தான் அது குவில்ட். அதற்கான அவகாசமாக இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். காலம் நீண்டால் துணி பெட்டிக்குள் போய்விடும். பாதி நாள் கழிந்ததும் நடத்துபவர் எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: வெட்டிவிட்டீர்களா? படம் அனுப்பச் சொல்ல வேண்டாம். இடையில் ஒருவருடைய வேலையை மற்றவர்கள் பார்த்துவிட்டால், அடுத்த வாரமே எல்லோர் கையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் குழுவில் இந்த இரகசியத்தை நாங்கள் மிகவும் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறோம். ஒரே வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருவர்கூட ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை.

வெட்டும் முன் ஒரு வாரம்

துணி கைக்கு வந்ததும் வெட்டாதீர்கள். நாளுக்குப் பலமுறை கண்ணில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். காலை வெளிச்சத்தில் முன்னுக்கு வரும் நிறம் விளக்கு வெளிச்சத்தில் பின்னுக்குப் போகும். அக்காவின் கடுகுத் துணியில் இரவில் இளஞ்சிவப்பு மட்டுமே கண்ணில் நின்றது என்று ஒரு தோழி சொன்னார். அவருடைய குவில்ட் முழுவதும் அந்த மொட்டுகளைச் சுற்றியே அமைந்தது.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. துணியைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நிறம் போய்விட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் இருட்டும்தான். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாக விழுந்தால், அவற்றை அடுத்தடுத்து வைத்துத் தைக்கும் வடிவம் தூரத்திலிருந்து தெரியாது. சேர்க்க நினைக்கும் மூன்று துணிகளையும் சவால் துணியோடு வைத்து ஒரே படமாக எடுத்து, வெளிறியது, நடுத்தரம், அடர்ந்தது என்று மூன்று தரமும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு தடித்த அட்டையின் நடுவில் இரண்டு அங்குலச் சதுர ஓட்டை வெட்டுங்கள். அதைத் துணியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். முழுத் துணியாகப் பார்க்கும்போது இல்லாத படங்கள் அந்தச் சாளரத்துக்குள் வரும். இலையின் வளைவு மட்டும் விழும் இடம் ஒன்று, வெறும் மஞ்சள் தரை மட்டும் விழும் இடம் ஒன்று, மொட்டின் கால்பகுதி மூலையில் எட்டிப்பார்க்கும் இடம் ஒன்று. பிடித்த இடங்களைச் சாக்கால் குறித்துவையுங்கள். இந்த அட்டையை விடச் சிறந்த கருவி ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

துணியின் கரை ஓரத்தைப் பாருங்கள். பல அச்சுத் துணிகளில் அங்கே சிறு வட்டங்கள் வரிசையாக இருக்கும். அச்சில் பயன்பட்ட ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று. கூட்டாளித் துணி தேடும்போது அந்த வரிசை கைகொடுக்கும். ஆனால் அப்படியே பொருந்தும் நிறத்தை எடுப்பதைவிட, அந்த நிறத்துக்குச் சற்று மேலோ கீழோ போவது எனக்குப் பிடிக்கும். அப்படியே பொருந்தினால் துணி அடங்கிவிடும். சற்று விலகினால் உயிர் பெறும்.

நிறங்கள் அக்கம்பக்கத்தால் மாறும் என்பதைப் பாரிஸின் கோப்லான் சித்திரத் திரை நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் விளக்கினார். அங்கே நெய்யும் நீல, ஊதாத் துணி மடிப்புகளின் நிழலில் கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் கறுப்புச் சாயத்தில் குறையில்லை. பக்கத்து நிறம்தான் அதை மங்கலாகக் காட்டியது. இந்த ஆராய்ச்சிகளை அவர் 1839-இல் நூலாக வெளியிட்டார். உங்கள் துணியை வைத்தே இதைச் சோதிக்கலாம். கடுகு மஞ்சளை ஊதாவின் மேல் வையுங்கள், பற்றி எரியும். ஆரஞ்சின் பக்கத்தில் வையுங்கள், இலேசாகப் பச்சை தட்டும். ஆக, இந்தத் துணி பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போது, எதன் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டில் இருக்கும் துணிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேராது என்று தோன்றுவதைத் தவறாமல் வைத்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டு வெட்டுங்கள்

ஒரு ஃபேட் குவார்ட்டரின் பரப்பு 396 சதுர அங்குலம். 20-க்கு 20 குவில்டின் பரப்பு 400. இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டும் நான்கு பக்கமும் கால் அங்குலத்தைத் தையல் ஓரமாக இழக்கிறது. தைத்து முடித்தபின் 2 அங்குலமாக நிற்க வேண்டிய சதுரத்தை 2½ அங்குலமாக வெட்ட வேண்டும். அந்த அளவில் ஒரு துண்டிலிருந்து ஏழுக்கு எட்டு, 56 சதுரங்கள் கிடைக்கும். தைத்தபின் அவை மூடும் பரப்பு 224 சதுர அங்குலம். அதையே 1 அங்குலச் சதுரங்களாகத் தைக்க 1½ அங்குலத்தில் வெட்டினால் 168 துண்டுகள் வரும். தைத்தபின் 168 சதுர அங்குலம்தான். துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணி தையலுக்குள் மறைகிறது. கால் பங்கு விதியை நிறைவேற்ற 100 சதுர அங்குலம் போதும். ஆகவே இரண்டு அங்குலச் சதுரம் என்றால் 25 துண்டுகளே போதும், மீதியை வைத்துத் துணிந்து விளையாடலாம்.

ஓரப்பட்டைக்குச் சவால் துணியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 80 அங்குலச் சுற்றளவுக்கு, மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து 90 அங்குலம் பட்டை வேண்டும். 22 அங்குல நீளத்தில் 2¼ அங்குலப் பட்டைகள் நான்கு வெட்டினால் 88 அங்குலம்தான், அதிலும் ஒட்டுத் தையலில் கொஞ்சம் போய்விடும். ஐந்து பட்டைகள் வேண்டும். அப்படியானால் 18 அங்குலத்தில் 11¼ அங்குலம் ஓரத்துக்கே போகிறது. ஓரத்துக்கு வேறு துணியை எடுங்கள்.

குறித்துவைத்த மொட்டையோ இலையையோ நடுவில் வருமாறு தேர்ந்து வெட்டுபவர்கள், அப்படி வெட்டியபின் மிஞ்சும் துணி சல்லடையாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் பட்டைகளும் பெரிய துண்டுகளும் எங்கிருந்து வர வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு, அதன் பிறகு மொட்டுக்குக் கத்தியை வையுங்கள். எப்படியானாலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி, ஒரு பிளாக், அதாவது மேல்துணியின் ஒரு சதுரப் பகுதி, தைத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகே மீதியைத் தொடுவது நல்லது.

தையல் ஓரம் சரியாக விழுகிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 1½ அங்குலப் பட்டைகள் மூன்றைப் பக்கவாட்டில் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும், மொத்த அகலம் 3½ அங்குலமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் விலகினாலும் பதினாறு தையலில் ஓர் அங்குலம் போய்விடும். இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களுக்கு, முடிவு அளவோடு ⅞ அங்குலம் கூட்டிச் சதுரங்களை வெட்டுவது வழக்கம். நான் ஓர் அங்குலம் கூட்டி வெட்டி, தைத்தபின் அளவுக்குச் சீவிவிடச் சொல்வேன். புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மூலைவாட்டில் வெட்டிய ஓரம் இழுபடும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். வெட்டும் முன்பே கஞ்சி போட்டுக்கொண்டால் இன்னும் அடங்கும்.

பஞ்சு அடுக்கையும் பின்துணியையும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். குவில்டிங் தையலைப் பொறுத்தவரை, அடர்ந்த அச்சின் மேல் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் தெரியாது. அங்கே நேர்க்கோடுகளோடு நிறுத்திக்கொண்டு, கையின் அருமையை அச்சில்லாத துணிக்கு ஒதுக்குங்கள். பின்பக்கம் ஒரு சிறு துணிச்சீட்டில் பெயரும் ஆண்டும் எழுதி, அதன் பக்கத்திலேயே சவால் துணியின் வெட்டாத துண்டு ஒன்றையும் தைத்துவிடுங்கள். பின்னாளில் அதை எடுத்துப் பார்ப்பவர்கள் துணி எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பதை உணர அது வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே சுவரில்

கூடும் நாளில் குவில்ட்களை மேசைமேல் பரப்பாதீர்கள். சுவரில், கண் மட்டத்தில், பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். முடிக்காதவர்களும் வர வேண்டும் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி குத்திய மேல்துணியானாலும், காகிதத்தில் ஒட்டிய துண்டுகளானாலும் அதே சுவரில் இடம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் முடிக்காதவர் கூச்சப்பட்டு வரமாட்டார். அடுத்த சவாலிலும் சேரமாட்டார்.

முதல் சில நிமிடங்கள் யாரும் பேச வேண்டாம். பிறகு ஒவ்வொரு குவில்டைப் பற்றியும் மற்றவர்கள் முதலில் பேசட்டும், தைத்தவர் கடைசியில் பேசட்டும். தைத்தவர் முதலில் பேசினால், அவர் சொன்னதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை: சவால் துணி உங்கள் கண்ணில் முதலில் எங்கே பட்டது? எந்த இடத்தில் அது மறைந்து மறுபடி வந்தது? அதன் பக்கத்தில் எந்தத் துணி அதை மாற்றியிருக்கிறது? நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்பவரிடம், எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.

அக்காவின் கடுகுத் துணி சுவரில் ஏறிய நாளில், ஒருவர் இலைகளை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி அடர்நீலத்தின் மேல் வைத்துத் தைத்து அப்ளிக் செய்திருந்தார். ஒருவர் பின்பக்கத்தை முழுவதுமாக வெளியே வைத்து, முன்பக்கத்துக்கு நடுவில் ஒரே ஒரு பட்டை கொடுத்திருந்தார். பின்பக்கமும் அதே துணிதான் என்பதால் கால் பங்கு விதி உடையவில்லை. தையல் தொடங்கி அதிக நாள் ஆகாத ஒரு தங்கை, துணியை அரை அங்குலக் கீற்றுகளாக்கிச் சாம்பல் நிறத்தின் ஊடே மழைக்கோடுகள்போல் இறக்கியிருந்தாள். அதன்முன் அக்கா வெகுநேரம் நின்றார். கீற்றை இவ்வளவு மெல்லியதாக எப்படி வளையாமல் தைத்தாய் என்று அவர் கேட்க, அவள் காகிதத்தின் மேல் வைத்துத் தைத்ததை விளக்கினாள். அன்று எல்லோரும் அந்த முறையைக் கற்றுக்கொண்டோம்.

பரிசு வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். இதில் என் கருத்து அசையாதது. முதலிடம் என்று ஒன்று வந்துவிட்டால், அடுத்த ஆண்டு எல்லோரும் வெல்லக்கூடியதைத் தைப்பார்கள். தெரியாததைத் தொட மாட்டார்கள். குழு பரிசை மிகவும் விரும்பினால், துணி எடுத்தவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி நூல்கண்டோ ஊசிப் பொதியோ கொடுக்கலாம்.

புதுத் துணி வாங்காமலே சவால் வைக்கவும் வழி உண்டு. ஒவ்வொருவரும் தம் பெட்டியில் நெடுநாளாகத் தொடாமல் கிடக்கும் துணி ஒன்றைக் காகிதப் பையில் போட்டு ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பைகளைக் கலந்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வீட்டில்தான் பிரிக்க வேண்டும். இதில் எல்லோருக்கும் வெவ்வேறு துணி கிடைப்பதால் ஒரே துணியை ஒப்பிடும் இன்பம் இல்லை. ஆனால் தான் கைவிட்ட துணி இன்னொருத்தி கையில் என்னவாயிற்று என்று பார்க்கும் ஆவல் அதற்கு ஈடுகட்டிவிடும். தொலைவில் இருப்பவர்களுக்கு இரண்டு வகையிலும் துணியைத் தபாலில் அனுப்பலாம். மடிப்புக்குள் ஓர் அட்டையை வைத்தால் கசங்காது.

கலைவதற்கு முன் அடுத்த சீட்டைக் குலுக்கிவிடுங்கள். ஏற்கெனவே துணி எடுத்தவர்களின் பெயரை, எல்லோருக்கும் ஒரு முறை வரும்வரை வெளியே வைத்துவிடுங்கள். பெயர் வந்தவருக்கு ஒரு மாதம் கொடுங்கள். துணியைத் தேடி எடுத்து, சாயம் சோதித்து, அலசி, வெட்டி, எல்லோர் கையிலும் சேர்க்க அது போதும்.